கல் கேட்டவளும் மலை காட்டியவனும்

ஏழு வருஷமாக என் மனைவி கேட்டது ஒரே ஒரு கல். மூன்றரை மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் கனம். சமையலறை மேடைக்குக் கிரானைட்.

பிரிஸ்பேனில் நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது மேடையில் லேமினேட் ஒட்டியிருந்தார்கள். மரத்தூளை அழுத்திப் பலகையாக்கி, அதன் மேல் பளபளவென்று ஒரு தாள். தாளில் கல் போலவே படம். யாரோ சூடான குக்கரை மறதியாக வைத்ததில் அந்தப் படத்தின் நடுவே ஒரு வட்டம் கொப்பளித்து எழும்பிவிட்டது. அந்த ‘யாரோ’ யார் என்ற விசாரணை இன்றுவரை முடியவில்லை. நானும் வாக்குமூலம் கொடுப்பதாக இல்லை.

முதல் வருஷம் வீட்டுக் கடனைக் காட்டித் தள்ளிப்போட்டேன். இரண்டாம் வருஷம் வட்டி விகிதம். மூன்றாம் வருஷம், “நிஜக் கல்லெல்லாம் எதற்கு? செயற்கைக் கல் என்று வந்திருக்கிறது, மலிவு, கறையும் பிடிக்காது” என்று ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கினேன். என் ஆராய்ச்சி முடிவதற்குள் ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. அந்தக் கல்லை அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்கிறது என்று கண்டு, 2024 ஜூலை 1 முதல் அதற்குத் தடை போட்டார்கள். உலகத்திலேயே முதல் தடை. என் சோம்பலுக்கு ஒரு தேசமே சட்டம் போட்டு ஆதரவு தந்த நாள் அது. “பார்த்தாயா, அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடமாடினேன்.

எட்டாம் நாள் மனைவி நிதானமாகக் கேட்டாள். “ஏனுங்க, நிஜக் கிரானைட்டுக்குத் தடை இல்லைங்களே?”

இல்லை. விலை விசாரித்தோம். அறுத்து, மெருகேற்றி, கொண்டுவந்து பதிக்க 2,640 டாலர். அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, என் வாழ்க்கையின் மிக விலையுயர்ந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “கிரானைட்தானே பார்க்கணும்? மலை மலையாகக் காட்டுகிறேன், வா. காசே கிடையாது.”

நான் பொய் சொல்லவில்லை. பிரிஸ்பேனிலிருந்து தென்மேற்கே சுமார் 220 கிலோமீட்டரில் ஸ்டான்தார்ப் என்றொரு ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்துக்கே ‘கிரானைட் பெல்ட்’ என்றுதான் பெயர். 1872-இல் அங்கே தகரத்தாது கிடைத்தது. லத்தீனில் தகரத்துக்கு ‘ஸ்டானம்’ என்பார்கள்; பழைய ஆங்கிலத்தில் ‘தார்ப்’ என்றால் கிராமம். ஆக, ஊர்ப் பெயரைத் தமிழில் சொன்னால் தகரப்பட்டி. தகரம் போய் ஆப்பிளும் திராட்சையும் வந்துவிட்டன. அதற்குத் தெற்கே கிர்ரவீன் தேசியப் பூங்கா. பூக்களின் இடம் என்று அந்த மண்ணின் பூர்வகுடிச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறார்கள். எல்லையைத் தாண்டி நியூ சவுத் வேல்ஸுக்குள் போனால் பால்ட் ராக் தேசியப் பூங்கா. அதாவது மொட்டைப் பாறை. இந்த வட்டாரத்துக் கிரானைட்டுக்கு வயது சுமார் 24 கோடி ஆண்டு.

இந்த விவரங்களையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நான் வாசித்தபோது, விசிட்டர் விசாவில் வந்திருந்த என் மாமியார் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “மாப்பிள்ளை, நீங்க மலையேறிப் பழக்கமுங்களா?”

இங்கே என் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். நான் கும்பகோணத்துக்காரன். எங்கள் பக்கத்தில் கல் என்றால் அம்மிக்கல், ஆட்டுக்கல், அதற்கு மேல் போனால் மைல்கல். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ராஜராஜனே கல்லை வெளியூரிலிருந்துதான் வரவழைத்தான். மலை என்று எங்களுக்கு ஒன்று உண்டு, சுவாமிமலை. அதுவும் மனிதர்கள் கட்டிய கட்டுமலை. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒரு படி வீதம் அறுபது படிகள். ‘பிரபவ’வில் கால் வைத்தால் ‘அட்சய’வில் முருகன். என் மலையேற்ற அனுபவம் முழுவதும் அந்த அறுபது படிக்குள் அடக்கம். அதிலும் ‘விகாரி’யில் நின்று ஒரு மூச்சு வாங்கிக்கொள்வது வழக்கம்.

மாமியார் நாமக்கல். ஊர் நடுவில் ஒரே பாறை, பாறையின் உச்சியில் கோட்டை. பள்ளிக்கூடம் விட்டால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் மேல் ஓடி விளையாடிய தலைமுறை. “பழக்கம்தான் அத்தை” என்றேன். சுவாமிமலையை மனதில் நினைத்துக்கொண்டு சொன்னதால் அது பொய் ஆகாது.

காசே கிடையாது என்று நான் சொன்னது உண்மை. குயின்ஸ்லாந்தில் தேசியப் பூங்காவுக்குள் நுழைய, கிர்ரவீன் உட்பட, பெரும்பாலும் கட்டணம் இல்லை. இரவு தங்கத்தான் தலைக்கு இத்தனை என்று சிறு தொகை. அதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் முதல் திங்கட்கிழமை மன்னர் பிறந்தநாள் விடுமுறை. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள். இரண்டு இரவுக்கு இடம் பதிவு செய்தாள் மகள்.

கூடாரம் வேண்டும் அல்லவா? வாங்கினோம். கூடாரத்தில் படுக்க ஸ்லீப்பிங் பேக் ஐந்து. அதன் அடியில் காற்றடித்த மெத்தை. குளிருக்கு ஜாக்கெட். கையில் பிடிக்காமல் தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச். கேஸ் அடுப்பு, மடக்கு நாற்காலி, சாப்பாடு கெடாமல் இருக்க எஸ்கி என்று ஆஸ்திரேலியர்கள் சொல்லும் குளிர்ப்பெட்டி. எனக்கென்று 240 டாலருக்கு ஒரு ஜோடி பூட்ஸ். கடைக்காரப் பையன் அதன் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டி, “இது பாறையை விடவே விடாது” என்றான். மாமியார் அதை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, “ஒரு காலே ஒரு கிலோ இருக்கும் போலங்களே” என்று திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். புளிசாதம் ஆறுவதற்காகக் காத்திருந்து பதினொன்றரைக்குக் கிளம்பினோம். கன்னிங்ஹாம்ஸ் கேப் கணவாயில் மலையேறி, வாரிக் ஊரைத் தாண்டியதும் சாலையோரத்தில் பாறைகள் தலைகாட்டத் தொடங்கின. வீடுகளுக்குப் பின்னால், ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவில், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் யானைகள் படுத்திருப்பது மாதிரி உருண்டை உருண்டையாக. ஆப்பிள் மரங்களில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூ. “எண்ணிக்கோ, எத்தனை கிச்சன் மேடை!” என்றேன் பெருமையாக. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானோ அவள் பாறைகளை ரசிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மீட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கூடாரத்துடன் வந்த தாளில், ‘இருவர், பத்து நிமிடம்’ என்று போட்டிருந்தது. நாங்கள் ஐவர், ஒன்றே முக்கால் மணி நேரம். குற்றம் முழுவதும் என்னுடையது அல்ல. பாதி கிரானைட்டுடையது. மேலே பார்த்தால் பொலபொலவென்று பருமணல். கிரானைட் உதிர்ந்து ஆன மணல். ஆணியை நாலு விரற்கடை இறக்கியதும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கீழே தாய்ப்பாறை. நான் விடவில்லை. நாலு தட்டு தட்டினேன். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆணி கேள்விக்குறி மாதிரி வளைந்தது. இப்படி மூன்று ஆணிகள் கேள்வி கேட்டன. பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் வந்து, கயிற்றை ஒரு குண்டுக்கல்லில் சுற்றிக் கட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதாவது பேசியிருக்கலாம்.

ராத்திரி குளிர் பற்றி நான் ஆராய்ச்சி செய்யவில்லை. ஸ்டான்தார்ப் கடல்மட்டத்துக்கு மேல் எண்ணூறு மீட்டர், மைனஸ் 10.6 டிகிரி வரை இறங்கி, குயின்ஸ்லாந்தின் குளிர் சாதனைப் பட்டியலில் பெயர் போட்ட ஊர். பிரிஸ்பேனில் அக்டோபர் என்றால் மின்விசிறி. இங்கே அக்டோபர் என்றால் நாலு டிகிரி. மாமியார் உல்லன் ஸ்வெட்டர், மேலே சால்வை, தலைக்கு மஃப்ளர் எல்லாம் நாமக்கல்லிலிருந்தே கொண்டுவந்திருந்தார். நான் புது ஜாக்கெட்டைக் காரிலேயே வைத்துவிட்டு, இருட்டில் போய் எடுக்கப் பயந்துகொண்டு, ‘குளிரே தெரியலையே’ என்று பல் தந்தியடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுநிசியில் வெளியே பாத்திரம் உருளும் சத்தம். டார்ச்சைத் தலையில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மேஜை மேல் ‘பாசம்’ (possum) என்று இங்கே சொல்லும் பிராணி ஒன்று. பூனையளவு உடம்பு, புசுபுசுவென்று வால், நம்மூர் மரநாயின் திருட்டு முழி. சம்படத்தின் மூடியை என்னைவிடச் சுலபமாகத் திறந்து, வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, சப்பாத்தியை மடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வன உயிர்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று பூங்காவில் பலகை இருக்கிறது. நாங்கள் கொடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது. இட்லிப்பொடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு தும்மல் போட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பால்ட் ராக். காரில் ஒரு மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் எங்கும் நிற்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் கோடை நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். குயின்ஸ்லாந்தில் அந்த வழக்கம் இல்லை. அது ஆரம்பிப்பது அக்டோபர் முதல் ஞாயிறு. அதாவது, நாங்கள் போன அதே நாள். வாலங்காரா ஊரில் எல்லையைக் கடந்ததும் காரில் இருந்த நான்கு கைப்பேசிகளும் ஒரே நொடியில் ஒரு மணி நேரத்தை விழுங்கின. மாமியாரின் கைக்கடிகாரம் மட்டும் அசையவில்லை.

“மாப்பிள்ளை, ஒரு மணிக்கு நான் சக்கரை மாத்திரை போடோணும். எந்த ஒரு மணிக்குங்க?”

நல்ல கேள்வி. அந்த எல்லையில் இப்படிக் கேள்வி கேட்கும் மரபு பழையது. வாலங்காரா ரயில் நிலையத்தின் நடைமேடைக்கு ஒரு பக்கம் குயின்ஸ்லாந்தின் குறுகிய தண்டவாளம், 1,067 மில்லிமீட்டர். மறுபக்கம் நியூ சவுத் வேல்ஸின் அதைவிட அகலமான தண்டவாளம், 1,435 மில்லிமீட்டர். பிரிஸ்பேனிலிருந்து சிட்னி போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்கி, நடைமேடையைக் குறுக்கே கடந்து, அடுத்த ரயிலில் ஏற வேண்டியிருந்தது. 1930-இல் கடற்கரைப் பக்கம் நேர் பாதை வந்த பிறகுதான் பயணிகளுக்கு விடிவு. நடைமேடைக் கூரைகூட அந்தப் பக்கம் ஒரு தினுசு, இந்தப் பக்கம் ஒரு தினுசு. இரண்டு சம்பந்தி வீட்டார் ஒரே கல்யாணத்துக்குத் தனித்தனியாகப் பந்தல் போட்ட மாதிரி.

பால்ட் ராக்கைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் அது பதிவு செய்யத்தக்க சம்பவம். 750 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம், 200 மீட்டர் உயரம், எல்லாம் ஒரே கல். ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய கிரானைட் ஒற்றைப்பாறை என்று சொல்கிறார்கள். புல் பூண்டு இல்லாத வழுக்கை. மழைத்தண்ணீர் வழிந்த தடம் கறுப்புப் பட்டையாக, கீழிருந்து பார்த்தால் தாரை தாரையாக இறங்குகிறது. ஜுகம்பால், புண்டஜலங், கமிலராய் என்ற மூன்று பூர்வகுடி மக்களின் நிலங்கள் சந்திக்கும் இடம் இது. ஒருவர் எல்லைக்குள் ஒருவர் நுழையாமல் இங்கே கூடிப் பண்டமாற்றுச் செய்திருக்கிறார்கள். நாமோ எல்லைக்கோடு ஒன்றைக் கிழித்து, அதன் இருபுறமும் வேறு வேறு மணி அடித்துக்கொண்டிருக்கிறோம்.

உச்சிக்கு இரண்டு வழி. ஒன்று, வழுக்கைப் பாறையின் மேல் நேராக, வெள்ளைக் குறிகளைப் பார்த்துக்கொண்டே. இன்னொன்று புங்கூனா பாதை. காட்டு வழியாக, பெரிய பெரிய உருண்டைகளின் இடுக்கில் சுற்றிச் சுற்றி, மெதுவாக மேலே போகிறது. “அத்தைக்காக” சுற்றுவழியில் போகலாம் என்று முடிவு செய்தேன். அத்தை என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பாதி வழியில் ஒரு பாறை மேல் ஏதோ கட்டி கட்டியாகக் கிடந்தது. மகன் கத்தினான்: “அப்பா, வாம்பட் கக்கா!” வாம்பட் என்பது குட்டைக்கால் கரடிக்குட்டி மாதிரி ஒரு வளைவாசி. அதன் சாணம் கனசதுரம். தாயக்கட்டை மாதிரி ஆறு பக்கம். குடலின் சுவர் ஒரு இடத்தில் இறுக்கமாகவும் ஒரு இடத்தில் தளர்வாகவும் இருப்பதால் மூலைகள் விழுகின்றன என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2019-இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றாள் மகள். இருவரும் மண்டியிட்டு, ஒரு சாணத்தை அரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். இரண்டு வருஷமாக இவர்களைக் கீழடி பற்றிய புத்தகத்தை ஐந்து நிமிஷம் பார்க்கவைக்க நான் முயன்றுவருகிறேன்.

உச்சியில் 1,277 மீட்டர். மாமியார் நேரே மாத்திரையை எடுத்தார். “எந்த நேரப்படி அத்தை?” “பசி நேரப்படிங்க.” முடிந்தது பஞ்சாயத்து.

திரும்பும்போது இன்னொரு வழக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் நாலரை முதல் ஆறு. கார் அருகே வந்து சேர்ந்தபோது என் கைப்பேசியில் 4.40. “ஆறு வரைக்கும் இங்கயே உக்காரணுமா?” என்று மகள் அழுகிற நிலைக்குப் போனாள். மாமியார் காரைச் சுற்றிவந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். “குயின்ஸ்லாந்து வண்டிதானுங்களே? அப்ப மணி மூணு நாப்பது. எடுங்க வண்டிய.” ஒரு மணி நேரம் ஓட்டி முகாமுக்கு வந்து பார்த்தால் கைப்பேசியில் மணி 4.40. கிளம்பிய நேரத்துக்கே வந்து சேர்ந்த ஒரே பயணம் அது. “இப்பத்தான் ராகுகாலம் அத்தை” என்று மடக்கினேன். “வந்து சேர்றதுக்கு ராகுகாலம் பாக்கறதில்லைங்க” என்று சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

மொட்டைப் பாறையே ஏறிவிட்டோம் என்ற தைரியத்தில் திங்கள்கிழமை காலை கிர்ரவீனின் பிரமிட் மலைக்கு நடந்தோம். போக வர மூன்றரை கிலோமீட்டர் போல. உயரம் 1,080 மீட்டர். நேற்றையதைவிடக் குறைவுதானே என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். உயரத்துக்கும் செங்குத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரமிட் சொல்லிக் கொடுத்தது.

முதலில் ஓடையைக் கடந்து, யூகலிப்டஸ் காட்டுக்குள் சமதளமான பாதை. வேலமரத்தின் சொந்தக்கார மரங்களில் மஞ்சள் உருண்டைப் பூ. கீழே பட்டாணிப் பூ ஜாதியில் ஊதாவும் சிவப்பும். 1930களில் ஸ்பென்சர் ராபர்ட்ஸ் என்ற ஸ்டான்தார்ப் மருத்துவர் இந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நின்றதால்தான் இன்று இத்தனையும் மிச்சம். பூங்காவில் ஒரு நீர்மடு அவர் பெயரில் இருக்கிறது. அப்புறம் படிகள். சுவாமிமலை வழக்கப்படி ‘பிரபவ, விபவ’ என்று எண்ணத் தொடங்கினேன். அறுபது வருஷமும் முடிந்து, மறுபடி பிரபவ பிறந்து, அதுவும் பாதிக்கு மேல் போன பிறகு படிகள் நின்றன. அப்பாடா என்று தலையைத் தூக்கினேன். மேலே வெறும் பாறை, சாய்த்துவைத்த சுவர் மாதிரி.

மூச்சு வாங்குவதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடம் நடத்துவது. “பார்டா, இது பூமிக்குள்ளே உருகின குழம்பாக இருந்தது. பல கிலோமீட்டர் ஆழத்தில் மெதுவாக ஆறி இறுகிற்று. மேலே மூடியிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருஷத்தில் கரைந்து போக, பாரம் குறைந்து, இது விரிந்து, வெடிப்பு விட்டது. வெடிப்பில் தண்ணீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து…”

“வெங்காயம் உரிஞ்ச மாதிரி தோல் தோலா உரிஞ்சிருக்குதுங்க” என்றார் மாமியார், பாறையைத் தடவிக்கொண்டே. நிலவியல்காரர்களும் அதற்கு வெங்காயத்தோல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கால் மணி நேரம் சொல்லவந்ததை அவர் காய்கறிக் கூடையிலிருந்து எடுத்துவிட்டார். அதோடு விடவில்லை; குனிந்து கிட்டத்தில் பார்த்தார். ரோஜா நிறத்தில் ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடித் துண்டு மாதிரி குவார்ட்ஸ், நடுநடுவே கறுப்பு மைக்கா. “கேரட் போட்ட ரவா உப்புமாவுல கடுகு தாளிச்ச மாதிரி இருக்குது பாரு கண்ணு” என்று பேத்தியிடம் சொன்னார்.

பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“அத்தை, என்ன செய்றீங்க?”

“மலைன்னா சாமிங்க மாப்பிள்ளை. செருப்புக் காலோட ஏறப்படாது.”

சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, 66 வயதில், வெறுங்காலோடு ஏற ஆரம்பித்தார். பாதங்கள் பாறையில் ஒட்டி ஒட்டி எழுந்தன. காய்ந்த கிரானைட்டின் சொரசொரப்பு பல்லி பிடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். (ஈரமானால் கதையே வேறு, மழையில் ஏறக் கூடாது என்று அடிவாரத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள்.) பேரன் அவர் பின்னால், அவன் பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் மனைவி. கடைசியாக 240 டாலர்.

பூட்ஸ் பாறையை விடவே இல்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான். நான்தான் பூட்ஸை நம்பவில்லை. பாதிச் சரிவில் திரும்பிக் கீழே பார்த்தது தவறு. முகாமில் எங்கள் கூடாரம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. கால் நடுங்கியது, உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. வெள்ளைக் குறி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது வெறும் பெயிண்ட் என்பது அப்போது தோன்றவில்லை. மாமியாருக்குக் கிர்ரவீன் என்று வாயில் நுழையாமல் முதல் நாளிலிருந்தே ‘கிறுகிறுவனம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெயர்ப் பொருத்தம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

அப்புறம் நான் கண்டுபிடித்த முறைக்கு மலையேற்ற நூல்களில் பெயர் இருக்கிறதா, தெரியவில்லை. பாறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, குதிகாலை ஊன்றி, பின்பக்கத்தை ஒரு சாண் மேலே நகர்த்துவது. பிறகு இன்னொரு சாண். உச்சிக்கு முப்பதடி இருக்கும்போது ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பாறை கிழியவில்லை. இறங்கிவந்த ஓர் ஆஸ்திரேலியத் தாத்தா நின்று, மேலே கைகாட்டி, “உங்கம்மா பிரமாதம்” என்றார். “அம்மா இல்லை, மாமியார்” என்று திருத்துவதற்கு என்னிடம் மூச்சு இல்லை. ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன். அந்த ஜாக்கெட் பயன்பட்டது அப்போதுதான்.

உச்சியில் அந்தரக்கல். இங்கே அதை பேலன்சிங் ராக் என்கிறார்கள். முட்டை வடிவத்தில் பல ஆள் உயரக் குண்டுக்கல் ஒன்று, கீழே சின்னஞ்சிறு காலூன்றி நிற்கிறது. யாரும் தூக்கி வைக்கவில்லை. சுற்றியிருந்ததெல்லாம் உதிர்ந்து போக, மிஞ்சியது இது. மாமல்லபுரத்து வெண்ணெய்ப் பந்தின் பங்காளி. எதிரே இரண்டாம் பிரமிட், அதற்கப்பால் காடு, காட்டின் நடுவே பல்வரிசை மாதிரிப் பாறைகள். காற்று சில்லென்று வீசியது. மாமியார் கல்லை ஒருமுறை வலம்வந்து கும்பிட்டார். நானும் வந்தது வந்ததென்று கும்பிட்டேன். உயிரோடு இறங்க வேண்டுமே.

சந்தர்ப்பம் பார்த்து மனைவியிடம் சொன்னேன். “24 கோடி வருஷம் இந்தக் கல் பொறுமையாகக் காத்துக்கிட்டிருக்கு. ஏழு வருஷம் என்ன பெரிசு?”

“கல்லுக்குச் சமையல் வேலை இல்லீங்க” என்றாள்.

சற்றுக் கழித்து அந்தரக்கல்லில் கையை வைத்துக்கொண்டே, “இந்த நிறம் கிச்சனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி” என்றாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் ஒரு தாளை நீட்டினாள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மெத்தை, ஜாக்கெட், டார்ச், நாற்காலி, எஸ்கி, பூட்ஸ், முகாம் கட்டணம், பெட்ரோல், வரும் வழியில் ஆப்பிள் பை, எனக்கு மறுபடி வாங்கிய கால்சட்டை. மொத்தம் 2,705 டாலர். பக்கத்தில் கல்காரரின் பழைய தாள்: 2,640. காசே கிடையாது என்று கூட்டிப்போன மலைக்கு, அறுபத்தைந்து டாலர் அதிகம். நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதை இதுவரை சொல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

அந்த வாரமே கல் கடைக்குப் போனோம். பலகைகள் புத்தகம் மாதிரி நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஒன்றின் முன்னால் நின்றாள். வெள்ளை, அதில் சாம்பல் நெளிவு, அங்கங்கே சிவப்புப் பொட்டு. மாமியார் விரலால் தேய்த்து, பட்டுப்புடவைக்குக் கரை பார்ப்பது போலப் பார்த்து, தலையசைத்தார். விற்பனையாளர், “காஷ்மீர் ஒயிட். இமயமலை மாதிரி இல்லை?” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக என் ஆராய்ச்சி ஒன்று உரிய நேரத்தில் உதவியது. காஷ்மீர் ஒயிட் என்பது வியாபாரப் பெயர். அந்தச் சிவப்புப் பொட்டு கார்னெட். அந்தக் கல் வெட்டப்படுவது மதுரைப் பக்கம். காஷ்மீரின் திசைகூட அதற்குத் தெரியாது. சொன்னேன். மாமியார் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மதுரையிலிருந்து பிரிஸ்பேன் வரை வந்த கல்லை, மலை மலையாகக் கிரானைட் குவிந்துகிடக்கும் ஊரைச் சுற்றிக்காட்டிவிட்டு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கல் பதித்து ஒரு மாதம் ஆகிறது. குக்கரை நேராக அடுப்பிலிருந்து எடுத்து அதன் மேல் வைக்கிறோம். வட்டம் விழவில்லை. இப்போது சொன்னால் பாதகமில்லை: பழைய வட்டம் நான் வைத்ததுதான்.

கராஜில் ஒரு கூடாரம் இருக்கிறது. ஐந்து பேர் தாராளமாகப் படுக்கலாம். இரண்டு இரவுதான் பயன்படுத்தியது. கிர்ரவீன் போகிறவர்கள் சொல்லி அனுப்பினால் சும்மாவே கொடுத்துவிடுகிறேன். மூன்று ஆணிகள் மட்டும் குறையும். ஜாக்கெட்டைக் காரில் வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். மழை பெய்தால் பிரமிட் பக்கம் போகாதீர்கள். வீட்டில் மாமியார் இருந்தால் அவரை முன்னால் ஏறவிடுங்கள்.

பூட்ஸைத் தருவதற்கில்லை. மாமியார் ஊருக்குக் கிளம்பும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாமக்கல்லில் கழனியில் மருந்தடிக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாமாம்.